அரைப்பேர்

காசல்ரீ தண்ணீரில் காலை ஆறு மணிக்குக்
கை நீட்டினால் கை இல்லை,
அப்படியொரு பனி.
பின்னால் மிதவை. இரண்டு இரும்புத் தொட்டி,
மேலே துளைபோடும் மெஷின், நாலு ஆள்,
கொழும்பிலிருந்து வந்த விஜேகோன் சேர்,
அவர் மடியில் ஆழம் சொல்லும் பெட்டி.
முன்னால் என் வள்ளம்,
சிவப்புச் சாரத்துண்டு கட்டிய மூங்கில்.

கயிறு கிடையாது.
நான் திரும்பினால் அவர்களும் திரும்ப வேண்டும்,
நின்றால் நிற்க வேண்டும்.
துறைமுகத்தில் இதற்குப் பைலட் என்று பெயராம்.
ஏணி போட்டு ஏற்றித்
தேத்தண்ணி கொடுப்பார்களாம்.
செபமாலை சொன்னான், கொழும்பில்
ஒரு வருஷம் மூட்டை தூக்கியவன்.
எனக்கும் தேத்தண்ணி உண்டு,
சீனி இல்லாமல், போத்தலில்.

கண்ணுக்கு வேலை இல்லாதபோது
காதைத் திறந்து வைக்க வேண்டும்.
என்ஜின் சத்தம் தேயிலை மலையில் பட்டால் திரும்பாது,
செடி குடித்துவிடும்.
பாறையில் பட்டால் உடனே வரும், கடன்காரன் மாதிரி.
டர்பன்டைன் காட்டில் பட்டால்
கொஞ்சம் யோசித்துத்
துண்டு துண்டாய் வரும்.
ஸ்டோரில் கொழுந்து வாடும் மணம்
இடது கன்னத்தில் அடிக்க வேண்டும்.
நாலாம் நம்பர் லயத்து நாய்
வலப்பக்கம் குரைக்க வேண்டும்.
மூக்குக்கு நேரே குரைத்தால்
போகக்கூடாத இடம்.

"நாற்பத்தொரு அடி" என்றார் சேர்.
"நிப்பாட்டுங்க."
"நாற்பத்தொன்று" என்றார் மறுபடி,
ரசீது காட்டுகிறவர்போல.
பெட்டி தன் வயிற்றுக்குக் கீழேதான் பார்க்கும், சேர்.
சொல்லவில்லை. மூங்கிலைத் தூக்கினேன்,
என்ஜினை அணைத்தேன்.
மிதவை நிற்க மனமில்லாமல் வந்து
கர்ர்ர் என்றது.

தண்ணீர் ஏறுமுன் இருந்த பாலத்தின் கால்.
மழை பிந்திய வருஷம்,
அதன் தலைக்குமேல் ஒரு முழம்கூட இல்லை.
இரும்பில் ஒரு கோடு, பெயின்ட் போனது,
அவ்வளவுதான்.
ஆளாளுக்கு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்,
செபமாலை தன் தொப்பியை.

"வமடத, தகுணடத?"
இடமா வலமா.
பெட்டியைப் பார்க்காமல்
என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி.

பிறகு, "எப்படித் தெரியும்?"
தெரியும் சேர்.
பர்மிட் இல்லாத ராத்திரிகளில்
விளக்கில்லாமல் வலைபோட்டு
மூன்று என்ஜின் விசிறி உடைத்தேன் என்று
அரசாங்கத்து ஆளிடம் சொல்ல முடியுமா?
இந்தத் தண்ணீருக்குள் இருக்கும்
ஒவ்வொரு அடிமரத்துக்கும்
நான் விலை கொடுத்திருக்கிறேன்.
எனக்கு நீச்சல் வராது.
அதையும் சொல்லவில்லை.

ஓடை வாயில் நங்கூரம் போடப் பத்தரை.
சேர் வரைபடத்தில் பாலத்துக்கு
ஒரு பென்சில் குறி போட்டார்,
பக்கத்தில் தேதி, தன் கையெழுத்து.
செக்ரோலில் எனக்கு அரைப்பேர்.
பன்னிரண்டுக்குமுன் முடிந்தால் அரைப்பேர்தான்,
கப்பலானாலும் கவ்வாத்தானாலும்.

அந்தியில் கூடையை இறக்கிவிட்டுப்
பவளராணி கேட்டாள்:
"ஏழாம் நம்பர் மலையில நின்னேன்.
ஒன்னும் தெரியல, சத்தம் மட்டுந்தான்.
ரெண்டு தடவ என்ஜின் நின்னுச்சு.
ஒன்னு பாலம்.
மத்தது என்னா?"

மத்தது.
நாய் குரைக்கவில்லை.
காற்று செத்து, ஸ்டோர் மணமும் இல்லை.
அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.
எங்கே இருக்கிறேன் என்று
எனக்கே தெரியாத ஒரு நிமிஷம்.
பின்னால் ஐந்து பேர்
அங்கே கல் இருக்கிறதென்று நம்பி
மூச்சை அடக்கி நின்றார்கள்.

"தூண்டில்காரன் ஒருத்தன் குறுக்க வந்தான்" என்றேன்.

ரொட்டியைத் தட்டித் தட்டி வட்டமாக்கினாள்.
கல்லில் போட்டாள். திருப்பினாள்.
"நாலாம் நம்பர் நாய
நேத்தே நோர்வூட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க.
உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்."